பொங்கல் வாரத்தில் என்ன செய்யலாம்?

சென்னையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் இந்தக் காலத்திலும் தபாலில் கடிதம் எழுதுகிறவர். போன வருஷம் மாசி மாதக் கடைசியில் அவரிடமிருந்து ஓர் உறை வந்தது. “பங்குனிப் பொங்கலுக்கு உங்கள் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம். பையனும் கூட வருகிறான். ஐந்து நாள் தங்குவோம். பார்ப்பதற்கும் செய்வதற்கும் அங்கே என்னென்ன உண்டு என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தார். மாதிரிக்கு இருக்கட்டும் என்று, நியூயார்க்கிலிருந்து அவருடைய மைத்துனர் அனுப்பிய ஒரு பத்திரிகைத் துண்டையும் உள்ளே வைத்திருந்தார். யூதர்களின் பஸ்காப் பண்டிகை விடுமுறை வாரத்தில் குழந்தைகளை அந்த நகரத்தில் எங்கெங்கே அழைத்துப் போகலாம் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. மிருகக்காட்சி சாலை, பூங்கா, பொம்மலாட்டம், படகுச் சவாரி, எதற்கும் குறைவில்லை.

நானும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் இரண்டே வரிகள்தாம் இருந்தன. ஒன்று, கோயில். இரண்டு, பரோட்டா. பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி நாற்பது வயதைத் தாண்டிய ஒரு நாவலாசிரியனால் எழுத முடிந்தது அவ்வளவுதான்! எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

என்ன செய்வது? விருதுநகரில் மலை இல்லை, அருவி இல்லை. ஆறு என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதில் தண்ணீரைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். எதுவும் விளையாத ஊர், ஆனால் எல்லாவற்றுக்கும் விலை சொல்லுகிற ஊர் என்று எங்களைப் பற்றிச் சொல்வார்கள். மிளகாய் வற்றலுக்கும் மல்லிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விருதுநகர் மார்க்கெட்டில் இன்றைக்கு என்ன விலை என்று பத்திரிகையில் போடுவார்கள். அதைத் தவிர வெளியூர்க்காரர் எங்களைக் கவனிப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தாளை மடித்து வைத்துவிட்டு அந்தப் பத்திரிகைத் துண்டை இன்னொரு முறை படித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பஸ்கா என்பது வெறும் விடுமுறை அல்லவே!

எகிப்து தேசத்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர் மோசேயின் பின்னால் புறப்பட்டு விடுதலை பெற்றதை யூதர்கள் நினைத்துக்கொள்ளும் பண்டிகை அது. இஸ்ரேலில் ஏழு நாள், மற்றத் தேசங்களில் பெரும்பாலும் எட்டு நாள். புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்கக்கூட நேரமில்லை என்பதால், இன்றைக்கும் அந்த நாட்களில் புளிக்காத அப்பந்தான். முதல் நாள் இரவு குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக உட்காருவார்கள். அடிமை வாழ்வின் கசப்பை மறக்காமல் இருப்பதற்காகக் கசப்புக் கீரையை வாயில் போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்த வீட்டிலேயே இளைய பிள்ளை, இன்றைய இரவுக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் பழைய கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். பண்டிகையின் உயிரே அந்தக் கேள்வியிலும் பதிலிலுந்தான் இருக்கிறது.

இதை அறிய அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் இன்னும் நிற்கிறது. 1948-ல் இஸ்ரேல் தோன்றிய பிறகு அந்தத் தெருக்காரர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். அதுவரையில் தலைமுறை தலைமுறையாக அந்தத் தெரு வீடுகளிலும் ஒரு குழந்தை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பஸ்கா வசந்த காலத்துப் பௌர்ணமியில் தொடங்குவது. அநேக வருஷங்களில் நம்முடைய பங்குனிப் பௌர்ணமியும் அதுவேதான். மட்டாஞ்சேரிக்கும் விருதுநகருக்கும் ஒரே நிலா.

எங்கள் ஊருக்கும் ஒரு கசப்புக் கீரை உண்டு. ஆனால் எங்கள் வீடுகளில் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. இந்த எண்ணம் வந்ததும் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, “வாருங்கள், நடந்தே பார்ப்போம்” என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

சனிக்கிழமை மாலையில் வந்து சேர்ந்தார்கள். பராசக்தி மாரியம்மன் கோயிலில் ஞாயிறு பொங்கல், திங்கள் அக்கினிச்சட்டி, செவ்வாய் தேர் என்பது வழக்கம். கோயில் கடைவீதியிலே தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மன் குடியிருப்பது மூட்டைகளுக்கும் தராசுகளுக்கும் நடுவில்தான். ஞாயிற்றுக்கிழமை பானைகள் பொங்கின. நண்பரின் மனைவியும் ஒரு பானை வைத்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பொங்கல் எல்லா ஊரிலும் பொங்குகிறது. திங்கட்கிழமையைப் பார்க்க வேண்டும்!

விடிவதற்கு முன்பே “ஆகோ! அய்யாகோ!” என்ற சத்தம் தெருவில் கேட்கத் தொடங்கிவிடும். மஞ்சளும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு, வேப்பிலை சூழ, கையில் எரியும் சட்டியோடு ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சிலர் ஒரு சட்டி. சிலர் இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று கம்பிச் சட்டத்தில் அடுக்கி எடுப்பார்கள். கைக்குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு, அந்தக் கரும்பைத் தாயும் தகப்பனுமாகத் தோளில் சுமந்து வருவார்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக்கொண்டு வருபவர்களும் உண்டு. பங்குனி வெயிலில் தார் ரோடு கொதிக்கும். தண்ணீருக்குப் பேர் போன பஞ்சம் உள்ள ஊரிலே, அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வீடு குடம் குடமாகத் தெருவில் ஊற்றுவார்கள். என் அப்பத்தா, இரண்டு நாள் பிடித்துவைத்த தண்ணீரை அந்தப் பாதங்களில் ஊற்றிவிட்டு, மறுநாள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பரின் பையனுக்குப் பத்து வயது. நெடுநேரம் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன், “ஏன் மாமா எல்லாரும் நடுரோட்டிலேயே போறாங்க? ஓரமாப் போகக் கூடாதா?” என்று கேட்டான். சென்னைப் பிள்ளை, பாவம். ஓரமாகப் போ என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வி அதுதான்!

அன்று இரவு மொட்டைமாடியில் பாயை விரித்து அவனுக்குப் பதில் சொன்னேன். நண்பரும் அவர் மனைவியும் கூட இருந்து கேட்டார்கள். நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் இந்தச் சீமையில் நடுரோட்டில் போவது என்பது எல்லாருக்கும் உரியதாக இல்லை. தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார்கள், சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களில் பேட்டை கட்டிக் குடியேறினார்கள். பேட்டை என்றால் மதில் வைத்த வண்டிப்பேட்டை. வழியில் கள்ளர் பயம். ஆகையால் மாடும் சரக்கும் மனிதனும் ஒரே மதிலுக்குள். வியாபாரத்தில் கை ஓங்கிற்று. பணம் சேர்ந்தது. ஆனால் கோயில் வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. தேரோடும் வீதியில் ஊர்வலம் போனால் வழக்கு வந்தது.

1895-ல், இதே பங்குனியில், கழுகுமலைத் தேரோட்டத்தன்று கலகம் மூண்டு உயிர்கள் போயின. அதற்கு முன்பு வருஷக்கணக்காக நடந்த சச்சரவு, அந்த வீதிகளில் யார் ஊர்வலம் போகலாம் என்பதைப் பற்றியதுதான். 1897-ல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சில நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். வழக்கு மதுரையில் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றத்தைத் தாண்டி, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்ஸில் வரையில் போயிற்று. 1908-ல் அங்கேயும் நாடார்களுக்குப் பாதகமாகவே தீர்ப்பாயிற்று. சாமி கும்பிட உனக்கு உரிமை இல்லை என்று ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்! இடையிலே 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசியே கொள்ளைக்கும் நெருப்புக்கும் இரையாயிற்று. காசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழையக் கேட்டதில் வந்த பகை அது.

பிறகு 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒரு சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனார். கக்கன் உள்ளிட்ட ஹரிஜன அன்பர்கள் அதில் இருந்தார்கள். விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் இருந்தார். கமுதியில் சாத்திய கதவு மதுரையில் திறப்பதற்கு நாற்பத்திரண்டு வருஷம் ஆயிற்று.

“அதுவரைக்கும் சாமி கும்பிடாமலா இருந்தாங்க?” என்றான் பையன்.

அங்கேதான் எங்கள் ஊரின் சாமர்த்தியம் இருக்கிறது. வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கவில்லை. தங்கள் கடைவீதியில் தங்கள் அம்மனுக்குத் தங்கள் பணத்தில் கோயிலை வளர்த்துக்கொண்டார்கள். அதற்கு வழி, மகமை. மூட்டை விற்றால், சரக்கு வாங்கினால், ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். பெரிய முதலாளியும் கொடுத்தார். சில்லறைக் கடை அண்ணாச்சியும் கொடுத்தார். யாரும் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்ளவில்லை. அது உறவின்முறையின் வரி. அந்தக் காசில் கோயிலும் கிணறும் சத்திரமும் எழுந்தன. தங்கள் தெரு, தங்கள் அம்மன், தங்கள் தீச்சட்டி. நடுரோட்டில் போகாமல் வேறு எங்கே போவார்கள்? அந்தப் பக்தியில் ஒரு வீம்பும் கலந்துதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நல்ல வீம்பு.

செவ்வாய்க்கிழமை தேர் பார்த்துவிட்டு மாலையில் பொருட்காட்சிக்குப் போனோம். பொங்கலையொட்டி க்ஷத்திரிய வித்தியாசாலைப் பள்ளி மைதானத்தில் அது நடக்கும். ராட்டினமும் அப்பளமும் வளையல் கடையும் எல்லா ஊருக்கும் பொது. நான் அவர்களுக்குக் காட்ட விரும்பியது பள்ளிக்கூடத்தை. 1889-ல் தொடங்கியது. மகமைப் பணம் மட்டும் போதவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியைச் சேர்த்து விற்றுப் பள்ளி நடத்தினார்கள். அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர், 1903 ஜூலை 15-ல் பிறந்த காமராஜர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று, மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளைதான் பிற்பாடு முதல் மந்திரியாகி 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்க்காரருக்கு, பள்ளிக்கூடத்திலேயே அரிசியைப் பொங்கிப் போட்டால் என்ன என்று தோன்றியது ஆச்சரியமா?

மறுநாள் சுலோசன நாடார் தெருவில் அவர் வீட்டுக்குப் போனோம். நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பார்த்து முடிந்துவிடும். அத்தனை சின்ன வீடு. அங்கிருந்து தேசபந்து மைதானம். 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார் இந்த மைதானத்தில்தான் அதைத் தொடர்ந்தார். இராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளில் ஒன்று. அக்டோபர் 13-ல் உயிர் பிரிந்தது. அப்போது முதல் மந்திரி நாற்காலியில் இருந்தவர், நாம் சற்று முன் பார்த்த சின்ன வீட்டுக்காரர். ஒரே ஊர், ஒருவர் மந்திரி, ஒருவர் உண்ணாவிரதி. பெயர் மாறியது 1969 ஜனவரியில். இதற்கெல்லாம் பையனுக்குப் பொறுமை இல்லை. இரவில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை அவன் முன் வைத்த பிறகுதான் முகம் மலர்ந்தது. எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்தில் பொங்கல் முடிகிற வரைக்கும் கவிச்சி வாசனையே கூடாது. யூதர் வீட்டில் புளித்த மாவு எப்படியோ அப்படி. தேர் நிலைக்கு வந்த மறுநாள் கடைகளில் கூட்டம் நெருக்கித் தள்ளும்.

வியாழக்கிழமை சிவகாசிக்குப் பஸ் ஏறினோம். பட்டாசு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் பையனுக்கு ஆசை. ஆனால் பங்குனியிலும் சித்திரையிலும் பொங்கல் சமயத்தில் ஆலைகளும் அச்சகங்களும் அடைத்திருக்கும். சும்மா கிடந்த ஊரைத்தான் பார்த்தோம். விசுவநாதர் கோயில் வாசலில் நின்றோம். யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம், கேட்பவர் இல்லை.

1899-ல் எரிந்த அந்த ஊரிலிருந்து அய்யா நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் 1922-ல் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். அதே 1923-ல்தான் விருதுபட்டி, விருதுநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் வந்தது. 1940-ஐ ஒட்டிப் பட்டாசும் வந்தது. மழை பெய்யாத சீமை. வறண்ட காற்றையே முதலாக வைத்துப் பிழைத்தார்கள். நெருப்பில் வெந்த ஊர், நெருப்பை விற்று நிமிர்ந்தது. கதையாக எழுதினால் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். சரித்திரம் அப்படி நின்றுகொள்வதில்லையே!

என் அம்மா பிறந்த கிராமம் சிவகாசிக்குக் கிழக்கே இருக்கிறது. 1980-களின் கடைசியில் எனக்கு ஒன்பது, பத்து வயது. லீவு விட்டால் அங்கே போய்விடுவேன். எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். விடியற்காலம் நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊர்முனையில் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. இருட்டிய பிறகு அதே வண்டி கொண்டுவந்து இறக்கிவிடும். எந்த ஆபீஸ் என்று சொல்லி இன்று ஆவது ஒன்றுமில்லை. அந்தப் பிராந்தியத்தில் அந்த வண்டி வராத கிராமம் குறைவு.

ஒரு பங்குனியில் அவளிடம், “பொங்கல் வாரத்திலே என்னக்கா செய்வே?” என்று கேட்டேன். எனக்கு ராட்டினம், பஞ்சுமிட்டாய், பொருட்காட்சி என்று பெரிய திட்டம் இருந்தது. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “தூங்குவேன்டா” என்றாள்.

அப்படியே செய்தாள். ஊரெல்லாம் மேளம் அடிக்க, திண்ணையில் வாயைத் திறந்துகொண்டு நடுப்பகல் வரைக்கும் தூங்கினாள். அவள் அம்மா எழுப்பவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாதென்று 1986-ல் சட்டம் வந்துவிட்டது. வண்டிக்கு அது தெரியச் சில வருஷம் பிடித்தது, அவ்வளவுதான். பிறகு பத்திரிகைகள் எழுதின; பள்ளிக்கூடங்கள் பெருகின; பிள்ளைகள் ஏறும் வண்டி மாறியது. பெரியவர்களுக்கு ஆபத்து விடவில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் வருஷந்தோறும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

எகிப்திலிருந்து வெளியேறியவர்களுக்கு அவர்கள் வேதம் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துகிறது. நீயும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவன். உன் வாசலில் நிற்கும் அந்நியனை ஒடுக்காதே என்பது அதன் சாரம். வருஷா வருஷம் கசப்புக் கீரையைத் தின்னச் சொன்னது அதற்காகத்தான் இருக்கும். கதவு சாத்தப்பட்டதன் வலியை அறிந்தவர்களின் ஊர்கள் எங்கள் ஊர்கள். அந்த வலியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தால், விடியற்காலம் நாலு மணி ஹாரன் சத்தம் எங்கள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்குமோ என்னவோ! மகமையும் பிடியரிசியும் கொடுத்த கைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். தீக்குச்சி அடுக்கிய கைகளையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

திரும்பும் பஸ்ஸில் பையன், “அந்த அக்கா இப்ப எங்கே மாமா?” என்று கேட்டான். சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், மகள் காலேஜில் படிக்கிறாள் என்று சொன்னேன். “அவங்க மகளுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாள் போய்க் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுக்கு ரயில். ஏழு மணி ஆகியும் பையன் எழுந்திருக்கவில்லை. “ஊருக்கு வந்து இப்படித் தூங்குகிறானே!” என்று நண்பரின் மனைவி எழுப்பப் போனார்.

“ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தூங்கட்டும் அம்மா” என்றேன். “பொங்கல் வாரத்தில் செய்ய வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.”